‘கிங்க்கு’ என்ற சொல்லின் வேர்: ஒரு பாடநூல் குறிப்பு திருத்தப்பட்ட விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்குப் பின்லாந்தில், பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இறைச்சிக்கடை வேலையையும் பின்னிய மொழியையும் சேர்த்துக் கற்றுத்தரும் பயிற்சி மையம் ஒன்று, தன் வகுப்புகளுக்கெனச் சிறிய பாடநூல் ஒன்றைத் தயாரித்தது. மொழி ஆசிரியை ஒருவர், நெடுங்காலம் இறைச்சி வெட்டும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மொழிக் குறிப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் நான் என மூவர் அதில் ஈடுபட்டிருந்தோம். நூலின் நடுப்பக்கத்தில் பன்றியின் உடல் கோட்டுப்படமாக வரையப்பட்டு, வெட்டுப் பகுதிகளின் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்தன: கழுத்துக்கு ‘நிஸ்கா’, முன்சப்பைக்கு ‘லபா’, விலாப்பக்கத்துக்கு ‘கியுல்கி’, கீழ்க்காலுக்கு ‘பொத்கா’, பின்தொடைக்குக் ‘கிங்க்கு’. பின்னியச் சொற்களைத் தமிழெழுத்தில் ஒலிக்கு நெருக்கமாகத் தந்திருக்கிறேன். ‘ங்க்’ என்பதை அடுத்து வரும் ககரத்தை வல்லொலியாகவே படிக்க வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் பிறப்பைச் சொல்லும் இரண்டு மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். பொருளற்ற ஒலிக்கோவையாக ஒரு சொல்லை மனப்பாடம் செய்பவரைவிட, அது எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர் அதை நெடுநாள் மறக்கமாட்டார் என்பது அவருடைய அனுபவம், அதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

பின்லாந்தில் கிங்க்கு என்பது கடைச்சரக்கு மட்டுமல்ல. கிறிஸ்துமஸ் விருந்தின் நடுவில் வைக்கப்படும் உணவு அதுதான். டிசம்பர் மாதத்தில் கடைக்கு வருபவர்கள், எலும்புள்ளதா எலும்பு நீக்கியதா, வலையில் கட்டியதா, நைட்ரைட் சேர்க்காமல் வெறும் உப்பில் ஊறிச் சாம்பல் நிறமாக இருக்கும் வகையா என்று நுணுக்கமாகக் கேட்பார்கள். இதைத் தவிர, சவுனா எனப்படும் வெந்நீராவிக் குடிலில் புகையூட்டிப் பதப்படுத்தும் பழைய முறையும் உண்டு. அவ்வாறு செய்தது ‘பல்விகிங்க்கு’ எனப்படும். விற்பவர் இந்தச் சொல்லில் தடுமாறினால் வாங்குபவரின் நம்பிக்கை குறையும். ஆகவே இந்த ஒரு சொல்லின் குறிப்பு மற்றவற்றைவிடப் பெரிதாக அமைந்தது.

முதல் வரைவில் இருந்த விளக்கம்

முதல் வரைவில், கிங்க்கு என்பது ‘கின்த்து’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எழுதப்பட்டிருந்தது. கின்த்து என்பது விலங்கின் பின்கால் மூட்டுப் பகுதியைக் குறிப்பது. பேச்சுவழக்கில் மனிதரின் காலுக்கும் வரும். இந்த விளக்கத்தைத் தந்தவர் ஓய்வுபெற்ற பெரியவர். அவர் தொழில் பழகிய காலத்தில் தம் ஆசானிடமிருந்து கேட்டது அது. ஆசானும் தம் ஆசானிடம் கேட்டிருக்கக்கூடும். இரு சொற்களும் ‘கின்’ என்பதுபோல் தொடங்குகின்றன, இரண்டும் காலோடு தொடர்புடையவை, இரண்டும் உகரத்தில் முடிகின்றன. கேட்ட மாத்திரத்தில் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கும் விளக்கம் இது.

இதில் முதல் ஐயத்தை எழுப்பியது மொழியியல் அன்று, கத்தி. பெரியவர் வகுப்பு மேசையில் ஒரு முழுப் பின்காலை வைத்து, மாணவர்களுக்கு வெட்டிக் காட்டினார். முழங்கால் மூட்டின் மேல் விரலை வைத்து அழுத்தி, எலும்புகள் சேரும் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் கத்தியின் நுனியை மட்டும் செலுத்தினார். எலும்பை அறுக்காமலேயே கீழ்க்கால் தனியாக விழுந்தது. “இது பொத்கா, சூப்புக்குப் போகும்” என்று அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, எஞ்சிய தடித்த தொடையைக் கையால் தட்டி, “இது கிங்க்கு” என்றார். கின்த்து என்று சுட்டப்படும் மூட்டுப் பகுதி கீழ்த்துண்டோடு போய்விட்டது. பெயர் தந்ததாகச் சொல்லப்படும் உறுப்பு, பெயர் பெற்ற துண்டில் இல்லை.

ஆயினும் இதை முடிவான சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பண்ணை வீடுகளில் பழங்காலத்தில் கால் முழுவதையும் பிரிக்காமலேயே உப்பில் இட்டிருக்கலாம். ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் மேலும் கீழும் நகர்வதும் வழக்கந்தான். பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வேரை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஒலிகளைச் சோதித்த விதம்

கின்த்து என்பது கிங்க்கு ஆக வேண்டுமானால், பின்னிய மொழியில் இரட்டைத் தகரம் இரட்டைக் ககரமாக மாறும் வழக்கம் ஒன்று இருக்க வேண்டும். அதே மாற்றத்தைக் காட்டும் வேறு சொற்களும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒழுங்கான மாற்றம் பின்னியத்தில் இல்லை. அம்மொழியில் மெய்கள் வேற்றுமை உருபுக்கேற்ப வலிந்தும் மெலிந்தும் வருவது உண்மை. கிங்க்கு என்பதன் ஆறாம் வேற்றுமையில் இரட்டைக் ககரம் ஒற்றையாகிறது, கின்த்துவில் இரட்டைத் தகரம் ஒற்றையாகிறது. ஆனால் தகரம் தகர வரிசையிலும் ககரம் ககர வரிசையிலும் தத்தம் வழியே செல்கின்றன, ஒன்று மற்றொன்றாவதில்லை.

அடுத்ததாக, 1992 முதல் 2000 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பின்னியச் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்தோம். அது இச்சொல்லைப் பழைய சுவீடியத்தின் ‘ஸ்கிங்க்கா’ என்பதிலிருந்து பெற்ற கடன்சொல்லாகக் காட்டுகிறது. அகராதி சொன்னதை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டால், பெரியவரின் ஆசான் வாக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அகராதியின் வாக்கை வைத்ததாக மட்டுமே அது முடியும். மாணவர் தாமே பார்த்து ஒப்புக்கொள்ளும்படி, ஒவ்வொரு ஒலிக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைப் பழைய பின்னியம் ஏற்பதில்லை. கடன் வாங்கும்போது கடைசி மெய்யை மட்டும் வைத்துக்கொண்டு முன்னதை விட்டுவிடும். சுவீடியத்தின் ‘ஸ்கூலா’ பின்னியத்தில் ‘கொவுலு’ ஆகிப் பள்ளியைக் குறிக்கிறது. ‘ஸ்கோப்’ என்பது ‘காப்பி’ ஆகி அலமாரியைக் குறிக்கிறது. நாற்காலியான ‘ஸ்தூல்’ ‘துவொலி’ ஆயிற்று. கண்ணாடியான ‘கிளாஸ்’ ‘லசி’ ஆயிற்று. ஸ்கிங்க்காவின் முதலில் உள்ள சகர ஒலி விழுந்ததும் இதே வழியில்தான். தமிழருக்கு இது புதிதன்று. மெய் தனித்து மொழிக்கு முதலாகாது என்னும் மரபால் ஸ்கந்தன் நம்மிடம் கந்தன் ஆனான், ஸ்தலம் தலம் ஆயிற்று. இரு மொழிகளுக்கும் உறவு எதுவும் இதனால் ஏற்படுவதில்லை. ஒரே வகைத் தடை ஒரே வகைத் தீர்வைத் தந்திருக்கிறது, அவ்வளவே.

சொல்லின் நடுவில், மெல்லினத்தை அடுத்து வரும் ஒற்றைக் ககரம் கடன்சொற்களில் இரட்டிக்கிறது. இருக்கைப் பலகையான ‘பெங்க்’ பின்னியத்தில் ‘பெங்க்கி’ ஆகிறது. பணம் போடும் ‘பங்க்’ ‘பங்க்கி’ ஆகிறது. தமிழெழுத்தில் இந்த இரட்டிப்பு தெளிவாகத் தெரியாது, ஆனால் பின்னிய எழுத்தில் இரண்டு ககரங்கள் கண்ணெதிரே நிற்கும். கிங்க்குவில் இருப்பதும் அதே இரண்டு ககரங்கள்தான்.

இறுதி உகரம்தான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. சுவீடியத்தில் ஆகாரத்தில் முடியும் சொல் பின்னியத்தில் ஏன் உகரத்தில் முடிய வேண்டும்? குவளையான ‘கன்னா’ பின்னியத்தில் ‘கன்னு’. வாணலியான ‘பன்னா’ பின்னியத்தில் ‘பன்னு’. விளக்கான ‘லம்ப்பா’ பின்னியத்தில் ‘லம்ப்பு’. பழைய சுவீடியத்தில் இவ்வகைப் பெண்பாற் பெயர்கள் எழுவாயாக வரும்போது மட்டுமே ஆகாரத்தில் முடிந்தன. வேற்றுமையில் அவை உகரத்தில் முடிந்தன. சந்தையிலும் சமையலறையிலும் மக்கள் காதில் அதிகம் விழுந்தது வேற்றுமை வடிவம். பின்னியர் எடுத்துக்கொண்டதும் அதையே. இன்றைய சுவீடியத்தில் அந்த உகரம் சில கூட்டுச்சொற்களின் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவீடியர் பெரும்பாலும் இழந்துவிட்ட ஓர் ஈற்றைப் பின்னியரின் வாணலியும் குவளையும் தொடைக்கறியும் இன்றும் காத்து வைத்திருக்கின்றன. பிற்காலத்தில் வந்த கடன்சொற்களும் இந்தப் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டன.

பொருளும் பொருந்துகிறது. ஸ்கிங்க்கா என்பது ஜெர்மானியக் குடும்பத்தில் காலையும் தொடையையும் குறித்த பழைய வேரிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியில் பன்றித்தொடைக்குரிய ‘ஷிங்க்கன்’ அதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் கீழ்க்காலைக் குறிக்கும் ‘ஷாங்க்’ சற்றுத் தள்ளிய உறவு. இன்றைய சுவீடியத்திலும் ஸ்கிங்க்கா என்ற எழுத்துவடிவத்துக்குப் பன்றித்தொடை, பிட்டம் என்னும் இரு பொருளும் உண்டு.

எதிர்ச்சோதனைக்காக எஸ்தோனிய மொழியையும் பார்த்தோம். பின்னியத்துக்கு மிக நெருங்கிய அம்மொழியில் இதே இறைச்சிக்குச் ‘சிங்க்’ என்று பெயர். அங்கே ககரத்துக்குப் பதில் சகரம் நிற்பது நம் விளக்கத்தைக் குலைப்பதுபோல் முதலில் தோன்றும். ஆனால் எஸ்தோனியர் அச்சொல்லைச் சுவீடியரிடமிருந்து வாங்கவில்லை. தம் நகரங்களில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த, வட ஜெர்மனியின் மொழியான கீழ் ஜெர்மனைப் பேசிய வணிகரின் ‘ஷிங்க்கெ’ என்ற வடிவத்திலிருந்து வாங்கினார்கள். கிங்க்கு பின்னியரின் தொன்மையான சொந்தச் சொல்லாக இருந்திருந்தால், எஸ்தோனியத்திலும் ககரத்தில் தொடங்கும் இணைச்சொல் ஒன்றை எதிர்பார்த்திருக்கலாம். இரண்டு உறவு மொழிகள் இரண்டு வாசல்களின் வழியே ஒரே பண்டத்தின் பெயரைப் பெற்றன.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன: குறிப்பையே நீக்கிவிடுவது, இரு விளக்கங்களையும் அருகருகே அச்சிடுவது, கடன்சொல் விளக்கத்தை மட்டும் சான்றுகளோடு தருவது. பெரியவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஆசிரியை இரண்டாம் வழியை முன்வைத்தார். நான் அதை ஏற்கவில்லை. சம எடையில்லாத இரண்டைச் சமமாக அச்சிட்டால், மொழி புதிதாகக் கற்பவர் எதைப் பற்றிக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார். அவருக்கு நூலைத் தவிர வேறு துணை இல்லை.

பெரியவரோடு நேரில் பேசினோம். ஒலிப் பட்டியலை அவர் முன் வைத்தபோது, அவர் நெடுநேரம் பன்னு, கன்னு, லம்ப்பு என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, தம் பாட்டி கிங்க்கு என்று சொன்னதே இல்லை என்றும் ‘லீக்கியொ’ என்றே சொல்லுவார் என்றும் நினைவுகூர்ந்தார். லீக்கியொ என்பது பன்றித்தொடைக்குரிய பழைய வட்டார வழக்கு. அந்தத் தகவலுக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுத்தேன். ஒரே துண்டுக்கு வட்டார வழக்கில் வேறொரு பெயர் வழங்கியது என்பதைப் புழங்கிய வாயிலிருந்தே கேட்பது எளிதில் கிடைப்பதில்லை. குறிப்பில் கின்த்து வெளியேறியது. லீக்கியொ உள்ளே வந்தது.

எந்த ஆண்டில், எந்த நூற்றாண்டில் இச்சொல் வந்தது என்பதை எழுத வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். இடைக்காலம் தொடங்கி 1809 வரை பின்லாந்து சுவீடிய அரசின் பகுதியாக இருந்தது. கடன் வாங்க நூற்றாண்டுக் கணக்கில் வாய்ப்பு இருந்தது. இன்றைய பொதுச் சுவீடியத்தில் இகரத்தின் முன் வரும் ‘ஸ்க்’ மென்மையாகி, ஷகரத்தை ஒத்த ஒலியாகிவிட்டது. பின்னியம் வல்லொலியான ககரத்தையே வைத்திருப்பதால், அந்த மென்மை வருவதற்கு முன்பே சொல் கடந்து வந்துவிட்டது என்று வாதிடலாம். தேவாலயத்தைக் குறிக்கும் ‘கிர்க்கொ’விலும் அதே வல்லொலி தங்கியிருக்கிறது. எனினும் கோட்லாந்துத் தீவின் மரபுப் பேச்சைப்போல் மென்மை வராமலே இருந்த வழக்குகளும் உண்டு என்பதால், இந்த ஒரு குறியை மட்டும் வைத்துக் காலத்தை வரையறுப்பது துணிச்சலாகும். ‘பழைய சுவீடியத்திலிருந்து’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

வகுப்பில் நிகழ்ந்தது

திருத்திய பக்கம் வகுப்புக்குச் சென்றதும் எதிர்பார்த்த பலன் கிடைத்தது. சொல்லின் முதலில் மெய் விழும் விதியை மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொண்டார்கள். கடைப்பலகைகளில் பின்னியமும் சுவீடியமும் இணையாக எழுதப்பட்டிருக்கும் ஊர்களில் வசித்தவர்கள், தாமே சோடிகளைக் கண்டுபிடித்து வந்தார்கள். ஸ்டேக் எனப்படும் வாட்டிய இறைச்சித்துண்டைக் குறிக்கும் ‘பிஹ்வி’ என்பது சுவீடியத்தின் ‘பிஃப்’ என்றும், காப்பிக் குடிநீருக்குரிய ‘கஃபெ’ ‘கஹ்வி’ ஆனதுபோலவே இதிலும் ஃபகரம் ‘ஹ்வ்’ ஆயிற்று என்றும் ஒரு மாணவர் சொன்னபோது ஆசிரியை மகிழ்ந்துபோனார். அது முற்றிலும் சரி.

எதிர்பாராத பலனும் தொடர்ந்தது. கடன்சொற்களில் பல இகரத்தில் முடிவதைப் பெங்க்கி, துவொலி, லசி முதலியவற்றில் கண்டவர்கள், இகரத்தில் முடியும் இறைச்சிச் சொல் எதுவும் கடனாகவே இருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கினார்கள். ‘பைஸ்தி’ என்ற சொல்லில் இது வெளிப்பட்டது. மாட்டின் பின்தொடைத் துண்டுகளுக்கு வரும் பெயர் அது. உள்தொடைக்குச் ‘சிசாபைஸ்தி’, வெளித்தொடைக்கு ‘உல்கொபைஸ்தி’ என்று கூட்டிச் சொல்வார்கள். ஒரு தேர்வில் பலர் அதைச் சுவீடியக் கடன் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய தருக்கத்தில் ஓட்டை இல்லை. நாங்கள் தந்த பக்கத்தில் கடன்சொற்கள் மட்டுமே இருந்ததால், அவர்கள் அங்கிருந்து அந்த இடத்துக்குத்தான் வந்துசேர முடியும்.

பைஸ்தி பின்னிய மொழியிலேயே பிறந்த சொல். வாட்டுதல், பொரித்தல், வெயில் காய்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘பைஸ்தா’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. ‘முயிஸ்தா’, நினைவில் கொள், என்ற வினையிலிருந்து ‘முயிஸ்தி’, நினைவாற்றல், வந்தது. ‘கஸ்வா’, வளர், என்ற வினையிலிருந்து ‘கஸ்வி’, செடி, வந்தது. அவற்றோடு பைஸ்தியும் அதே வரிசையில் நிற்கிறது. இங்குள்ள இகரம் வினையைப் பெயராக்கும் உருபு. பெங்க்கியில் உள்ள இகரம் மெய்யில் முடிந்த அயற்சொல்லுக்குக் கொடுத்த தாங்கல். தோற்றம் ஒன்று, வேலை வேறு.

இரண்டாம் திருத்தம்

நடுப்பக்கத்துப் படத்தில் பெயர்களை இரண்டு நிறங்களில் அச்சிடலாம் என்று ஆசிரியை சொன்னார்: சொந்தச் சொல் ஒரு நிறம், கடன்சொல் ஒரு நிறம். அது விடையை மட்டும் தரும், விடைக்குப் போகும் வழியைத் தராது என்பதால் நான் வேறொன்றைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘இந்த மொழிக்குள்ளேயே இதற்குத் தாய் உண்டா?’ என்ற கேள்வியை முதலில் வைப்பது. உண்டு என்றால் அங்கேயே நின்றுவிடுவது. இல்லை என்றால் மட்டும் அண்டை மொழிக்குப் போவது.

சாப்ஸ் கறிக்குரிய ‘கியுல்யுஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது. அதன் தாய் விலாப்பக்கத்தைக் குறிக்கும் கியுல்கி. வேற்றுமையில் அச்சொல்லின் ககரம் நலிந்து யகரமாகி, ‘கியுல்யென்’ என்று வரும். அதே நலிந்த வடிவத்தின்மேல் விகுதி சேர்ந்து கியுல்யுஸ் ஆனது. கடையில் விலாத்துண்டு விற்கும் மாணவர், இலக்கண வகுப்பில் கசந்த மெய்மெலிவு விதியைத் தம் விலைப்பலகையிலேயே பார்த்தார். முதுகுச்சதைக்குரிய ‘ஃபிலே’ போன்றவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. சிறு நூலிழை என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் சுவீடியத்தின் வழியே வந்தது என்ற ஒரு வரி போதுமாயிற்று.

அடுத்து நடந்த தேர்வில் பைஸ்தியைக் கடன் என்று எழுதியவர்கள் குறைந்துபோனார்கள். எழுதியவர்களும் காரணம் கேட்டபோது வினையைத் தேடிப் பார்த்துத் தாமே திருத்திக்கொண்டார்கள்.

அடுத்த பதிப்பில் மாறவேண்டியவை

பக்கங்களின் வரிசையை மாற்ற வேண்டும். இப்போது நூல் கிங்க்குவில் தொடங்குகிறது, அது அழகான எடுத்துக்காட்டு என்பதாலும் கிறிஸ்துமஸ் காலத்தில் தேவைப்படுவதாலும். ஆனால் கடன்சொல்லில் தொடங்கும் மாணவர் எல்லாவற்றிலும் கடனையே தேடுகிறார். பைஸ்தியும் கியுல்யுஸும் முதலில் வந்து, மொழி தன் வினையிலிருந்தும் தன் உறுப்புப் பெயரிலிருந்தும் சொல் ஆக்கும் முறை மனத்தில் பதிந்த பிறகு கிங்க்கு வர வேண்டும்.

கின்த்துவை முழுவதுமாக நீக்கியதையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே விளக்கத்தை மாணவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் மூத்த தொழிலாளிகள் வாயிலிருந்து கேட்டு வந்தார்கள். நூல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாததால் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திரும்பினார்கள். ஆகவே அந்த விளக்கத்தைக் குறிப்பிட்டு, தகரம் ககரமாகும் மாற்றம் பின்னியத்தில் இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதன் பக்கத்தில் பன்னு, கன்னு, லம்ப்பு வரிசையை அச்சிடலாம். இதைப் பெரியவரே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மூட்டில் கத்தி நுழையும் இடத்தைக் காட்டும் புதிய படம் ஒன்றும் அவர் மேற்பார்வையில் வரையப்பட்டு வருகிறது.